ஐபேடா, டேப்லெட்டும் மானிட்டருமா? நிறத்தை நம்பி வரைபவர்களுக்கு

டிஜிட்டல் ஓவியம் பழக என்ன வாங்கலாம் என்று கேட்டால் இப்போது பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: ஐபேட் ஏர், பென்சில், ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலி. நானும் சில வருடங்கள் அதில்தான் வரைந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அச்சுக்குப் போகிற படம், யாரோ காசு கொடுத்துக் கேட்ட படம் என்றால் இப்போது மேசைக்குத்தான் போகிறேன். அங்கே திரையே இல்லாத வாகாம் இன்டூவோஸ் டேப்லெட், எதிரே 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், கணினிக்குள் கிரிதா என்ற வரையும் மென்பொருள். இந்த இரண்டு வழிகளைத்தான் ஒப்பிடப் போகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எடுத்துப் போக ஐபேட். கரண்ட் போனாலும் ஐபேட். பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறி, ஒயிட்ஃபீல்டு வரை உட்கார இடம் கிடைத்துவிட்டால் ஒரு ஸ்கெட்ச் முடிந்துவிடும். இன்டூவோஸையும் மானிட்டரையும் வைத்து அது நடக்காது. பழையதாக விற்பதிலும் ஐபேட்தான் மேல். டேப்லெட்டை விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது, ஆனால் அது கெடுவதும் குறைவு. நிப் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ப்ரோக்ரியேட்டுக்கு ஒரே முறை பணம், கிரிதா இலவசம். வீட்டில் ஓரளவு நல்ல கணினி ஏற்கெனவே இருந்தால், ஐபேட் ஏரும் பென்சிலும் வாங்கும் பணத்தில் டேப்லெட், மானிட்டர், நிறம் அளக்கும் கலிபரேட்டர் மூன்றையும் வாங்கிவிடலாம். கணினி இல்லையென்றால் இந்தக் கணக்கு தலைகீழ்.

கை ஓரிடம், கண் ஓரிடம் என்று வரைவது ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். அது பழகிவிடும். பழகிய பிறகு ஒரு லாபமும் உண்டு: கை படத்தை மறைக்காது. ஐபேடில் எந்நேரமும் படத்தின் ஒரு மூலை என் மணிக்கட்டுக்கு அடியில் கிடக்கும், மணிக்கட்டின் நிறம் பக்கத்தில் வரைந்திருக்கும் சருமத்தின் நிறத்தோடு சண்டை போடும்.

சரி, என்னைத் தீர்மானிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது திரையின் தரம் அல்ல. திரையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐபேட் ஏர் ஜெயித்துவிடும். பெட்டியைத் திறந்த அன்றே அதன் நிறம் நடுத்தர விலை மானிட்டரைவிடச் சரியாக இருக்கும். பி3 என்ற அகன்ற நிறப்பரப்பும் அதில் உண்டு, சாதாரணத் திரைகளின் எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பைவிட ஏறக்குறைய கால்பங்கு பெரியது. என் மானிட்டர் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டாது. இருந்தும் என் வேலைக்கு மானிட்டர்தான் சரி, ஏனென்றால் அது நகர்வதில்லை. ஒரே மேசை, ஒரே சுவர், ஒரே விளக்கு.

சிக்பேட்டையில் பட்டுப்புடவை எடுக்கிற அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். கடை விளக்கில் அரக்கையும் குங்குமச் சிவப்பையும் நம்பவே மாட்டார்கள். புடவையை வாசல் வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். ஐபேடில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். ஒரே படத்தின் காலைப் பகுதியை ஜன்னலோரம், மாலைப் பகுதியை மஞ்சள் விளக்கடியில், மிச்சத்தை இருட்டில் கட்டிலில் சாய்ந்தபடி வரைகிறோம். ஒவ்வொரு இடத்திலும் கண் தன் வெள்ளையை மாற்றிக்கொள்கிறது, நமக்குச் சொல்லாமலே.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும் அறையில் ஓரிரு நிமிடம் இருந்தால் கண் அந்த மஞ்சளையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். அப்போது டி65 என்ற பகல்வெளிச்ச அளவுக்கு வைத்த திரை லேசாக நீலம் பூத்ததுபோல் தெரியும். உடனே கை தானாகவே மஞ்சளைக் கூட்டும். மறுநாள் காலை பார்த்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கும். ஜன்னலோரத்தில் இன்னொரு தொந்தரவு: கண்ணாடியில் விழும் வெளிச்சம் கருமைகளை வெளுக்க வைக்கும், நிழலுக்குள் இருப்பது தெரியாது. தெரியவேண்டுமே என்று நிழலைத் தூக்கி வரைவோம்; அச்சில் அது சாம்பல் பூசியதுபோல் வரும். இருட்டில் இதற்கு மறுபக்கம். திரை பளீரென்று எரியும், நாம் அடக்கி அடக்கி வரைவோம், பகலில் பார்த்தால் படம் சேற்றுக்குள் கிடக்கும்.

ஐபேடின் ட்ரூ டோன் வசதியை அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அணைக்கத்தான் வேண்டும், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் ஷிஃப்ட்டையும் தானியங்கி வெளிச்சத்தையும் சேர்த்து. ட்ரூ டோன் கெட்ட வசதி அல்ல; சுற்றியுள்ள விளக்குக்கு ஏற்பத் திரையின் வெள்ளையை நகர்த்துவதால் புத்தகம் படிக்கக் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் மஞ்சள் விளக்கடியில் அது நீலத்தைக் குறைத்துவிடுவதால் மயில்கழுத்தும் கருநீலமும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. அதை அணைத்தாலும் திரைதான் நிலையாக நிற்கிறது, நம் கண் நிற்பதில்லை. கண்ணை நிறுத்த ஒரே வழி அறையை நிறுத்துவது.

கே.ஆர். மார்க்கெட்டின் பூக்கடைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நீலத் தார்ப்பாய், கீழே மல்லிகைக் குவியல். பார்ப்பவர் யாருமே மல்லிகை நீலம் என்று சொல்ல மாட்டார்கள். புகைப்படத்தில் நிறத்தை எடுத்துத் தரும் ஐட்ராப்பரால் தொட்டால் வருவதோ சாம்பல் கலந்த நீலம். பக்கத்தில் வெயில் பட்ட செவ்வந்தி இருப்பதால்தான் அந்த நீலம் வெள்ளையாக நடிக்கிறது. அந்தச் சாம்பல்நீலத்தில் எவ்வளவு நீலம் வரை மல்லிகை மல்லிகையாகவே இருக்கும், எங்கே அது பிளாஸ்டிக் பூவாகிவிடும் என்பதுதான் ஓவியனின் வேலை. அந்த எல்லையைக் கண்டுபிடிக்க அசையாத ஒரு வெள்ளை பக்கத்தில் வேண்டும்.

இதே புகைப்படத்தை இரண்டு வழியிலும் வரைந்து, சுல்தான்பேட்டையில் ஒரே காகிதத்தில் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. சேர்த்துப் பார்த்தபோது ஐபேட் படத்தில் நிழல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை: ஒரு மூலை சூடு, இன்னொரு மூலை குளிர்ச்சி. மானிட்டர் படத்தில் நிறங்கள் அவ்வளவு துள்ளவில்லை, ஆனால் எல்லாம் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன.

அடுத்தது ஜூம். 11 அங்குலத் திரையில் விவரம் வரைய உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். உள்ளே போனதும் ஒரு நிறம் தன் அண்டை அயலை இழந்துவிடும்; அண்டை மாறினால் நிறமும் மாறித் தெரியும். 1824 முதல் பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரலுக்கு இதே பிரச்சினை வந்தது. கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்று புகார். சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன. 1839-ல் அவர் இதை ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார். வாடாமல்லி உடலுக்குக் கிளிப்பச்சைக் கரை போடும் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூம் செய்து நிறம் தேர்ந்தெடுக்கிறபோது நாம் உடலைப் பார்க்காமல் கரைக்கு நிறம் சொல்கிறோம். ப்ரோக்ரியேட்டில் முழுப் படத்தையும் சிறு ஜன்னலில் காட்டும் ரெஃபரன்ஸ் வசதி இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் அது ஏற்கெனவே சிறிய திரையில் இன்னும் இடத்தைப் பிடிக்கும். 24 அங்குலத்தில் முழுப் படமும் எப்போதும் கண் முன்னாலேயே இருக்கிறது.

படத்தைச் சுற்றியுள்ள நிறமும் முக்கியம். கறுப்புச் சூழலில் எந்த நிறமும் தன் அளவைவிடப் பிரகாசமாகத் தெரியும். ப்ரோக்ரியேட்டில் இடைமுகம் கறுப்பு அல்லது வெளுப்பு, இரண்டே தேர்வு. கிரிதாவில் கேன்வாஸைச் சுற்றி நடுத்தரச் சாம்பல் வைத்துக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான், ஆனால் நாளெல்லாம் பார்க்கிற விஷயம்.

நிறச்சக்கரம் இரண்டிலும் பொய் சொல்லும். நிறம், செறிவு, பிரகாசம் என்று பிரிக்கும் எச்எஸ்பி அளவில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் பிரகாசம் 100 என்றே காட்டும். எஸ்ஆர்ஜிபி கணக்குப்படி வெள்ளையின் ஒளிர்வு 100 என்றால் அந்த மஞ்சளின் ஒளிர்வு சுமார் 93, நீலத்தின் ஒளிர்வு சுமார் 7. கிரிதாவில் இந்த ஒளிர்வை வைத்தே நிறம் தேர்ந்தெடுக்கும் வகையைப் போட்டுக்கொள்ளலாம். ப்ரோக்ரியேட்டில் மேலே ஒரு கறுப்பு லேயர் வைத்து அதன் பிளெண்டை கலர் என்று மாற்றி, படத்தைச் சாம்பலாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு தட்டல் கூடுதல், அவ்வளவே. இதற்காக யாரும் சாதனத்தை மாற்ற வேண்டாம்.

டிசைன் படிக்கும் அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் மடக்கினாள்: "எல்லாரும் போன்லதானே பாக்குறாங்க மாமா? அவங்க போன் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு கலர் காட்டும். நீங்க மட்டும் சரியா வெச்சு என்ன பண்ண?" நியாயமான கேள்வி. பார்ப்பவர்களின் திரைகள் எல்லாத் திசையிலும் விலகியிருக்கும், சில அதிகச் சிவப்பு, சில அதிக நீலம். நம் படம் நடுவில் நின்றால் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம்தான் விலகும். நம் படமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் சாய்ந்த போன்களில் இரண்டு சாய்வும் சேர்ந்துகொள்ளும். தவிர, போன் படம் முழுவதையும் ஒரே மாதிரி சாய்க்கும். படத்துக்குள் ஒரு நிழல் சூடு, ஒரு நிழல் குளிர்ச்சி என்று இருப்பதை எந்தப் போனும் சரிசெய்யாது. அதோடு, போனில் மட்டுமே போடப்போகிறவர்களுக்கு ஐபேட் தாராளமாகப் போதும் என்பதையும் அவளிடம் சொன்னேன்.

அச்சு என்றால் கதை வேறு. ஜனவரியில் குமார கிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தைக்குப் பிரிண்ட் போடுவதானால், ஐபேடின் அகன்ற நிறப்பரப்பு உதவியைவிட உபத்திரவம்தான் அதிகம் செய்யும். ப்ரோக்ரியேட்டின் ஸ்கிரீன் சைஸ் கேன்வாஸ் பி3-யில்தான் திறக்கும். அதில் மின்னும் கனகாம்பரமும் வாடாமல்லியும் அச்சகத்தின் நான்கு மையில் வரவே வராது. புதுக் கேன்வாஸ் திறக்கும்போதே எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுத்துவிட்டால் ஏமாற்றம் குறையும். கிரிதாவில் அச்சகத்தின் நிறக் கோப்பான ப்ரொஃபைலைப் போட்டு, கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் காகிதத்தில் எது செத்துப்போகும் என்று முன்கூட்டியே தெரியும். ஆனால் அதை நம்ப மானிட்டரை அளந்திருக்க வேண்டும். அளக்காத மலிவு மானிட்டர், கட்டிலில் வைத்த ஐபேடைவிட மோசம்.

திரையுள்ள பேனா டிஸ்ப்ளேக்களை விட்டுவிட்டானே என்று நினைப்பீர்கள். எஸ்.பி. ரோட்டுக் கடையில் நின்றபடி கிறுக்கிப் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பார்த்தவரை அவை மேசையிலேயே நிற்பதால் என் வாதத்தின் பாதி அவற்றுக்கும் பொருந்தும். கை மறைக்கும் பிரச்சினை மட்டும் தொடரும். விலை உயர்ந்த சில ஐபேட் ப்ரோக்களில் திரையின் நிறத்தை நிலையாக வைக்கும் ரெஃபரன்ஸ் மோட் உண்டு. அது திரையைக் கட்டிப்போடும், அறையை அல்ல.

மேசை வழிக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். மானிட்டருக்கு எதிரிலோ பின்னாலோ ஜன்னல் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும், திரைச்சீலை போடுங்கள். எங்கள் எதிர் வீட்டுக்குச் செங்காவி அடித்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் என் அறையையே சிவக்க வைக்கிறது. அந்த நேரத்தில் நிறம் தேர்ந்தெடுப்பதில்லை, கோடு வேலை மட்டும். விளக்கு வாங்கும்போது நிறம் காட்டும் திறன், அதாவது சிஆர்ஐ, 90-க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண எல்இடி டியூப் 80 அளவில்தான் இருக்கும். மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையிலிருந்து வரும் அளவு வரைவதற்கு மிக அதிகம். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஒரே அளவு தெரியும் வரை இறக்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கலிபரேட்டர்தான் பலரையும் தயங்க வைக்கிறது. அதை ஆளுக்கொன்று வாங்க வேண்டிய அவசியம் இல்லை. மாதம் ஒருமுறை, அரைமணி நேர வேலை. தெரிந்த மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். டிஸ்ப்ளேகால் மென்பொருள் இலவசம், பெரும்பாலான கருவிகளோடு வேலை செய்யும்.