எஸ்ஆர்ஜிபியா, சிஎம்ஒய்கேயா? பிஓடி புகைப்படப் புத்தகத்துக்கு எதை அனுப்புவது

புகைப்படப் புத்தகத்தைப் பிஓடி முறையில், அதாவது ஆர்டர் வரும்போது மட்டும் அச்சிடும் முறையில், அச்சிடும்போது முதல் கேள்வி இதுதான்: திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறங்களை, சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேயாக நாமே மாற்றுவதா, அச்சகத்திடம் விடுவதா?

ப்ளர்ப் என்ற பிஓடி நிறுவனத்தின் புக்ரைட் மென்பொருளில் புத்தகம் அமைப்பவர்களுக்கு என் பதில், அச்சிடுபவர்களிடமே விடுங்கள். எஸ்ஆர்ஜிபி ஜேபெக் போதும். எந்த இயந்திரம், எந்தத் தாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பளிச்சென்ற நீலம் ஊதாப் பக்கம் சாய்வதும் கிளிப்பச்சை மங்குவதும் எப்படியும் நடக்கும். அவர்கள் தரும் ஐசிசி புரொஃபைலை (நிறங்கள் எப்படி வரும் என்று விவரிக்கும் கோப்பு) ஃபோட்டோஷாப்பில் போட்டு சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சின் தோற்றத்தைத் திரையிலேயே, பார்த்தால் அதை முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்ததுதான். ஆனால் வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் அந்தப் புரொஃபைலைக் கவனிக்காமல் விட்டால் படமே வெளிறிப்போகும். வேண்டாம்.

இன்கிராம்ஸ்பார்க் என்ற இன்னொரு பிஓடி சேவையில் நிலைமை வேறு. அங்கே சிஎம்ஒய்கே பிடிஎஃப் கேட்கிறார்கள். ஓர் இடத்தில் விழும் நான்கு மைகளின் கூட்டு 240 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிக்கல் இங்கேதான். ஃபோட்டோஷாப்பின் அமெரிக்க அமைப்பில் தானாக வரும் ஸ்வாப் வி2 புரொஃபைல் 300 சதவீதம் வரை விடும். யோசிக்காமல் மாற்றி அனுப்பினால் கருங்கூந்தல், இரவு வானம் போன்ற இடங்களெல்லாம் வரம்பை மீறிவிடும். அதனால் மை வரம்பு குறைந்த புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அப்புறம் அக்ரோபேட் ப்ரோவின் அவுட்புட் பிரிவியூவில் 240 என்று கொடுத்துப் பாருங்கள், மீறிய இடங்கள் தனியாகத் தெரியும். பின்னணிக்கு அடர்கருப்பு வேண்டுமா? சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100. கூட்டினால் சரியாக 240.

இவ்வளவு வேலை இருந்தாலும், கருப்பு வெள்ளைப் படங்களுக்கு நான் இரண்டாவது வழியையே விரும்புகிறேன். எஸ்ஆர்ஜிபியில் அனுப்பினால் சாம்பல் நிறம் பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகவே அச்சாகும். சமநிலை கொஞ்சம் தவறினாலும் முகங்களில் பச்சையோ இளஞ்சிவப்போ ஏறும். சிஎம்ஒய்கேயில் கருப்பு மையை மட்டும் பயன்படுத்த நமக்கு வழி உண்டு. நிழல்களின் ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் சாயம் ஏறாது. முதியவர்களின் முகங்கள் நிறைந்த தொகுப்புக்கு அந்த இழப்பு எனக்குச் சம்மதம்.

"புத்தகம் இருட்டாக வந்துவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுமே காரணமல்ல, திரையின் வெளிச்சம்தான். அதைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் இறக்கிவிட்டுப் படங்களைத் திருத்துங்கள். பிறகு, இறுதிப் புத்தகத்துக்கு எந்தத் தாளோ அதே தாளில் ஒரு ப்ரூஃப் காப்பி (சோதனைப் பிரதி) வரவழையுங்கள்.