உப்புத்தண்ணீர் குடித்த போட் மோட்டாரும் அம்பத்தூர் வைண்டிங் கடையும்

போட் மோட்டார் ரிப்பேர் என்று தேடினால் இந்தக் கடை வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மிக்ஸி, கிரைண்டர், போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ஒற்றை ஷட்டர் கடை. பலகையில் இருந்த பெயர் வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. ஆனாலும் தண்ணீர் புகுந்த டிரோலிங் மோட்டாரை (சின்னப் படகைத் தள்ளும் பேட்டரி மோட்டார்) இனி வேறு எங்கும் கொடுக்க மாட்டேன்.

என்னுடையது 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளுவிசை, கார்பன் பிரஷ் வைத்த ரகம். பழவேற்காட்டில் கொடுவாவுக்குத் தூண்டில் போடப் போகும் சின்ன பைபர் படகில் மாட்டியிருக்கிறேன். முன்னால் போக 5 ஸ்பீடு, பின்னால் வர 3. திடீரென்று 1 முதல் 4 வரை செத்துப்போனது. 5 மட்டும் ஓடியது, அதுவும் இழுவையே இல்லாமல். வாங்கிய இடத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கீழ் யூனிட் மொத்தமா மாத்தணும்" என்று 18,000 ரூபாய் சொன்னார்கள்.

இங்கே மாஸ்டர் ஸ்குரூ டிரைவரை எடுக்கவே நேரமானது. முதலில் என் பேட்டரியைக் கேட்டார். நல்லவேளை, காரில் இருந்தது. மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி 5-ல் ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பேட்டரி முனையில் 12.1 வோல்ட், மோட்டார் தலையில் 9.8. நடுவில் 2.3 வோல்ட் காணோம். 40 ஆம்பியர் இழுக்கும்போது அது சுமார் 90 வாட், வயரிலேயே சூடாகப் போகிறது. ரப்பர் உறையை ஒரு ஜாண் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிவிடுமாம். வெறும் கன்டினியூட்டி, அதாவது வயர் அறுந்திருக்கிறதா என்று மட்டும் மீட்டரில் பார்த்தால் பீப் அடிக்கும், ஒரு இழை உயிரோடு இருந்தாலே போதும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மெயின் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிப் புரொபெல்லரைக் கையால் சுற்றச் சொன்னார். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் நல்ல மோட்டார் அப்போது டைனமோவாகி இறுகும். என்னுடையது ஒரு இடத்தில் இறுகியது, இன்னொரு இடத்தில் வழுக்கியது. "பிரஷ் ஒட்டல சார். அதை அழுத்துற ஸ்பிரிங் துருப்பிடிச்சிருக்கும்" என்றார். வயரைப் பிரித்துவிட்ட பிறகும் கனமாகச் சுற்றினால் ஷார்ட், அல்லது காந்தம் பெயர்ந்து உரசுகிறது என்று அர்த்தமாம்.

திறந்ததும் சாம்பல் நிறச் சேறு வழிந்தது. பிரஷ் தூளும் தண்ணீரும் கலந்தது. தண்ணீர் வந்த வழி புரொபெல்லருக்குப் பின்னால்: நண்டு வலை நரம்பு தண்டில் சுற்றி ஆயில் சீலின் உதட்டை அறுத்திருந்தது. 5 மட்டும் ஓடியதற்கும் விடை உள்ளேயே இருந்தது. இந்த ரகத்தில் குறைந்த ஸ்பீடுகளுக்கு மின்சாரம் ரெசிஸ்டன்ஸ் சுருள் வழியாகப் போகிறது, 5-ல் மட்டும் நேராகப் போகும். அந்தச் சுருளுக்குப் போகும் இணைப்பு பச்சைப் பொடியாகி உதிர்ந்திருந்தது. ஆர்மேச்சரில், அதாவது சுழலும் காயில் பாகத்தில், ஒரு சுற்றுகூட எரியவில்லை.

ஆர்மேச்சரை முதலில் நல்ல தண்ணீரில் கழுவினார். எனக்குப் பகீரென்றது. உப்பு உள்ளேயே காய்ந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கழுவித்தான் ஆக வேண்டும் என்றார். பிறகு வார்னிஷ் காயவைக்கும் ஓவனில் இதமான சூட்டில் காயவைத்தார். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரை மெல்லிய சாண்ட்பேப்பரால் துடைத்து, பட்டைகளுக்கு இடையிலான மைக்காவை உடைந்த ஆக்ஸா பிளேடால் சுரண்டினார். எமெரி ஷீட்டை எடுக்கவே இல்லை. அதன் தூள் மின்சாரம் கடத்தும்.

மூடிய பிறகு, மேல் குழாயில் சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றடித்து டிரம்மில் அமிழ்த்தினார். சீல் பக்கம் சுத்தம். ஆனால் நீள போல்ட் ஒன்றின் தலையில் குமிழி வந்தது. அதன் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) மாற்றி மறுபடி அமிழ்த்தினார். மொத்தம் 3,400 ரூபாய், ஈயம் பூசிய புது செம்பு வயர் உட்பட.

குறைகளும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார். பில் கிடையாது. "தண்ணிக்கு கேரண்டி கேக்காதீங்க சார்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். மோட்டார் உடம்பில் ரெஞ்ச் பல் பதிந்த தழும்பு இரண்டு இருக்கிறது. அலுமினியத்தில் பெயின்ட் போன இடத்தை உப்பு சும்மா விடாது, நானே பூசிக்கொண்டேன். எலெக்ட்ரானிக் போர்டு வைத்து ஸ்பீடு கட்டுப்படுத்தும் மாடல் என்றால் தொடவே மாட்டார், அலையாதீர்கள்.

ஞாயிறு லீவு. காலையில் போனால் கூட்டம் இருக்காது. டிரம் பரிசோதனை முடிந்ததும், மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே புரொபெல்லரின் பின்னையும் நட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடைய பின் அங்கே ஏதோ ஒரு கிரைண்டருக்கு அடியில் கிடக்கிறது.