கார் அலாரமா டர்போ டைமரா? பழைய டிசையர் டீசலுக்கு நான் எதை போட்டேன், ஏன்

பழைய டீசல் வண்டி வச்சிருக்கவங்க கையில ஒரு ஆறாயிரம் ஏழாயிரம் ரூபா சேர்ந்துச்சுன்னா அடுத்து வண்டிக்கு என்ன போடலாம்னு பாக்கும்போது கார் அலாரமும், சாவிய உருவுன பொறவும் இன்ஜின கொஞ்ச நேரம் ஓடவிடுற டர்போ டைமரும்தான் மாத்தி மாத்தி முன்னால வந்து நிக்கும். எனக்க வண்டி 2013 டிசையர் டீசல், செகண்ட்ஸ்ல எடுத்தது, பேஸ் மாடல், சென்ட்ரல் லாக் கூட கிடையாது, இறங்கும்போது நாலு கதவையும் தனித்தனியா பூட்டணும். எங்க அத்தான் ஸ்கார்ப்பியோல டர்போ டைமர் போட்டு ஓட்டுறாரு, அந்த வண்டிய எடுத்துட்டு நானும் திருநெல்வேலி மதுரைன்னு நல்லா ஓட்டியிருக்கேன். அதனால ரெண்டையும் கையில பழகிப் பாத்துட்டுதான் எழுதுறேன். நான் போட்டது அலாரம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஓடுற வண்டிக்கு டைமர் தேவையில்லைங்கிறது என்னோட அபிப்ராயம்.

முதல்ல டைமர பத்தி. டர்போன்னா வெளிய போற புகையோட வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுற பாகம். அதுக்குள்ள இருக்க ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல கூட போவும். அது பேரிங் மேல நேரா உக்காந்து சுத்துறது இல்ல, நடுவுல இருக்க மெல்லிசான ஆயில் படலத்துல மிதந்துதான் சுத்துது. ஒரு பக்கம் சைலன்சருக்கு போற புகை, டீசல்ல நல்ல லோடுல இழுத்துட்டு வந்தா அதோட சூடு 700 டிகிரி வரைக்கும் போவும். ஓடிட்டு இருக்கும்போது ஆயில் பம்பு விடாம ஆயில அனுப்பி சூட்ட எடுத்துட்டு போயிடும். ஹைவேல நூறுல வந்து அப்படியே ஓரங்கட்டி சாவிய திருப்பி ஆஃப் பண்ணா பம்பு நின்னுபோவும், உள்ள தங்குன ஆயில் அந்த சூட்டுல கருகி கரியா ஒட்டிக்கும். ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது. வருஷக்கணக்கா இப்படியே செஞ்சா ஆயில் போற மெல்லிசு வழியெல்லாம் அடைச்சு, பேரிங் தேஞ்சு, பொறவு விசில் சத்தம், புகை, ஆயில் குடிக்கிறதுன்னு ஒண்ணொண்ணா ஆரம்பிக்கும். டர்போ மாத்துற செலவு என்னன்னு மாத்துனவங்கள கேட்டா சொல்லுவாங்க.

டைமர் என்ன செய்யும்னா, நீங்க சாவிய உருவுன பொறவும் இன்ஜின ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ ஐடில்ல ஓடவிட்டு, ஆயில சுத்தவிட்டு, பொறவு தானா ஆஃப் பண்ணும். அவ்வளவுதான். எச்கேஎஸ், ப்ளிட்ஸ், அபெக்ஸி மாதிரி ஜப்பான் கம்பெனிங்க இதுல பேர் போனவங்க, அந்த காலத்துல ஜப்பான் டர்போ வண்டிகளுக்கு இது ரொம்ப பிரபலம். அத்தான் போட்டிருக்கதுல டேஷ்போர்டுல சின்ன டிஸ்ப்ளே இருக்கு, பேட்டரி வோல்டேஜ் காட்டும், எத்தனை செகண்ட் பாக்கின்னு எண்ணிட்டே வரும். பாக்க நல்லாதான் இருக்கும், வேலையும் ஒழுங்கா செய்யுது, அந்த பொருள குறை சொல்ல ஒண்ணுமில்ல.

ஆனா நம்ம ரோட்ட நெனச்சு பாருங்க. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஆள விட்டுட்டு திரும்பி வந்தா களியக்காவிளையில ஊர்ந்து, மார்த்தாண்டத்துல ஊர்ந்து, மெயின் ரோட்டுல இருந்து கருங்கல் பக்கம் திரும்புனா வளைவும் ஏத்தமும் எறக்கமுமா இருவது முப்பதுலதான் வரமுடியும். கடைசில வீட்டு சந்துக்குள்ள செகண்ட் கியர்ல தவழ்ந்துதான் போர்ச்சுல ஏறணும். இந்த கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர்ல டர்போக்கு பெருசா லோடே கிடையாது, தானாவே ஆறிடும். டீசல் இன்ஜின் ஐடில்ல ஓடும்போது உள்ள போற காத்து ரொம்ப அதிகம், எரியிற டீசல் ரொம்ப கம்மி, அதனால புகையோட சூடு மளமளன்னு எறங்கும். நிறுத்துனதும் முப்பது செகண்டோ ஒரு நிமிஷமோ சும்மா உக்காந்து, கண்ணாடிய ஏத்தி, பைய எடுத்து, செருப்ப போடுறதுக்குள்ள டைமர் பாக்குற வேலை முடிஞ்சிடும். இதுக்கு ஏழாயிரம் ரூபா எதுக்கு?

உண்மையிலேயே ஆபத்தான இடம்னு பாத்தா ரெண்டு மூணுதான். நாலுவழிச்சாலையில வேகமா வந்து காவல்கிணறு பக்கம் டீ குடிக்கன்னு சட்டுனு நிறுத்துறது ஒண்ணு. ஆள் நெறய ஏத்திட்டு கீரிப்பாறை தாண்டி மலை ஏறி, மேல போன உடனே போட்டோ எடுக்கணும்னு ஆஃப் பண்ணிட்டு எறங்குறது இன்னொண்ணு. மூணாவது பெட்ரோல் பங்கு, இங்க டைமரே தொல்லை, ஏன்னா அங்க இன்ஜின உடனே ஆஃப் பண்ணியே ஆவணும், நீங்க சாவிய உருவுனாலும் வண்டி உறுமிட்டு நிக்கும், பங்கு பையன் கத்துவான், பொறவு டைமர் பட்டன தேடி அமுக்கணும். இந்த மூணுக்கும் ஒரே வைத்தியம் நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு கிலோமீட்டர் கால லேசாக்கி மெதுவா வர்றதுதான்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றது இல்ல. கல்குளம் விளவங்கோடு பக்கம் சமதரையில வண்டி நிறுத்த எங்க இடம் கிடைக்குது, முக்காவாசி எடம் சரிவுதான். சரிவுல நிறுத்துனா நாம ஹேண்ட்பிரேக்க போட்டு ஃபர்ஸ்ட் கியர்லயும் போட்டு விடுவோம். டைமர் இருந்தா இன்ஜின் ஓடிட்டு இருக்கும், கியர்ல விடமுடியாது, நியூட்ரல்லதான் நிக்கணும், முழு வண்டியும் அந்த ஒரு ஹேண்ட்பிரேக்க நம்பி நிக்கும். டைமர்ல ஹேண்ட்பிரேக் வயர் ஒண்ணு வரும், ஆனா அது லிவர் மேல தூக்கியிருக்கான்னு மட்டும்தான் பாக்கும், கேபிள் லூசாகி பிடிக்காம போனது அதுக்கு தெரியாது. பழைய வண்டியில கேபிள் எப்படி இருக்கும்னு நான் சொல்லவேண்டாம்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகன சட்டம் 1988, 126வது பிரிவு. பொது இடத்துல வண்டி நின்னா டிரைவர் சீட்டுல லைசன்ஸ் உள்ள ஆள் இருக்கணும், இல்லன்னா இன்ஜின நிறுத்தி பிரேக் போட்டிருக்கணும். அப்போ ரோட்டோரம் நிறுத்திட்டு டைமர நம்பி எறங்கி போறது சட்டப்படி தப்பு. வண்டியிலயே உக்காந்து இருக்கணும்னா டைமரோட அர்த்தமே போச்சு. நம்ம வீட்டு காம்பவுண்டுக்குள்ள மட்டும் சரி.

ரெண்டையும் சேத்து போட்டா என்னன்னு எனக்கும் ஒரு ஆசை இருந்துச்சு. நாகர்கோவில்ல எனக்கு அலாரம் மாட்டிக் குடுத்த எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சொன்னது அப்படியே எழுதுறேன். "தம்பி, இக்னிஷன் வயர்ல கரண்ட் இருக்க வரைக்கும் ஓனர் உள்ள இருக்காருன்னுதான் அலாரம் நெனச்சுக்கும், நீங்க எறங்கி ரிமோட்ட அமுக்குனாலும் ஆர்ம் ஆவாது, அதாவது காவலுக்கு ஆன் ஆவாது. ஆர்ம் ஆனாலும் இன்ஜின் ஆட்டத்துல சென்சார் கத்தும்." அப்போ டைமர் நிக்கிற வரைக்கும் பக்கத்துல காத்து நிக்கணுமாண்ணேன்னு கேட்டேன். "காத்து நிக்கிறதுன்னா பொறவு டைமர் எதுக்கு தம்பி?" அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. டர்போ மோடு உள்ள அலாரம் தனியா வருது, அதுல டைமர் வேலையும் உள்ளயே இருக்கும், இன்ஜின் ஓடும்போதே கதவ பூட்டி, நின்ன பொறவு சென்சார ஆன் பண்ணிக்கும். வெல கூட. 126வது பிரிவு பிரச்சினையும் சரிவு பிரச்சினையும் அதுலயும் அப்படியேதான் இருக்கு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில டைமருக்கு வெல கேட்டப்போ, நம்ம வண்டிக்கு நேரா சொருகுற சாக்கெட் கிடையாது, இக்னிஷன் வயர வெட்டி ஒட்டிக்கலாம்னு சாதாரணமா சொன்னாங்க. அந்த வயருங்கள்ல போற கரண்ட் சின்னது இல்ல, முறுக்கி டேப் சுத்துன ஜாயிண்ட் நாள் போக போக சூடாகி லூசாகி ஓடுற வண்டிய நடுரோட்டுல நிறுத்திடும். நான் அங்கயே வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்போ அலாரம். நாலு கதவுக்கும் மோட்டார், ரெண்டு ரிமோட், சைரன், ஷாக் சென்சார், மாட்டுக்கூலி எல்லாம் சேத்து ஐயாயிரத்து ஐநூறு ஆச்சு. எனக்க வண்டியில கம்பெனி இம்மொபிலைசர் ஏற்கனவே இருக்கு, சாவில இருக்க சிப்பு சேரலன்னா ஸ்டார்ட் ஆவாது. அதனால முழு வண்டியையும் தூக்கிட்டு போறத பத்தி எனக்கு பெரிய பயம் இல்ல. பயம் உள்ள இருக்க பொருள பத்திதான். திற்பரப்பு அருவிக்கு குளிக்க போறோம்னு வைங்க, போன், பர்ஸ், வீட்டு ஆளுங்களோட செயின் வளையல் எல்லாத்தையும் வண்டிக்குள்ள வச்சுட்டுதான் தண்ணிக்குள்ள எறங்கணும். கன்னியாகுமரில சூரிய உதயம் பாக்க போனாலும் முட்டம் கடற்கரைக்கு போனாலும் இதே கதைதான். முன்னெல்லாம் யாராவது ஒருத்தர் வண்டி பக்கத்துல காவல் இருப்போம், பெரும்பாலும் அது எங்க அம்மாதான். இப்ப அம்மாவும் அருவியில நனையிறாங்க. எனக்கு இந்த ஒண்ணுக்கே காசு வசூல் ஆன மாதிரிதான்.

மாட்டுன வேலை கொள்ளாம். ஜாயிண்ட் எல்லாம் சால்டரிங் வச்சு மேல ட்யூப் ஏத்தி சூடாக்கி சுருக்கி விட்டாரு, சைரன வாய் கீழ பாத்த மாதிரி மாட்டினாரு, மழத்தண்ணி தேங்கக்கூடாதுன்னு. ஷாக் சென்சார் தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா, ஸ்டியரிங்குக்கு கீழ இரும்பு கம்பியில கட்டியிருக்கு, அதுல சின்ன ஸ்குரூ மாதிரி ஒரு திருகி, பக்கத்துல பச்சை செவப்புன்னு ரெண்டு எல்இடி. லேசா தட்டுனா பச்சை எரிஞ்சு கீச் கீச்னு ரெண்டு சத்தம் மட்டும் குடுக்கும், ஓங்கி அடிச்சா செவப்பு எரிஞ்சு முழு சைரன். இந்த திருகிய சரியா வைக்கிறதுலதான் அலாரத்தோட முழு ஜென்மமும் இருக்கு. கடைக்காரங்க வழக்கமா ஜாஸ்தியா வச்சு குடுத்துடுவாங்க. அப்படி இருந்தா ஐப்பசி இடிக்கு கத்தும், கோயில் கொடைக்கு வெடி போட்டா கத்தும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நேரம் அந்த பக்கம் நிறுத்தவே முடியாது, ஆரல்வாய்மொழியில ஆடி காத்துல நிறுத்துனா வண்டி ஆடுறதுக்கே கத்தும், தென்னை மட்டை பக்கத்துல விழுந்தாலும் கத்தும். அடிக்கடி கத்துற அலாரத்த அக்கம் பக்கத்துல யாரும் திரும்பி பாக்கமாட்டாங்க, நெசமா கள்ளன் வந்தாலும் பாக்கமாட்டாங்க. நான் வீட்டுல வச்சு கொஞ்சம் கொஞ்சமா திருகி, கண்ணாடிய விரல் கணுவால தட்டுனா கீச், உள்ளங்கையால அடிச்சா சைரன்ங்கிற அளவுக்கு கொண்டுவந்தேன். அதுக்கப்புறம் ரொம்ப பக்கத்துல விழுற இடிய தவிர வேற எதுக்கும் கத்துறது இல்ல.

கடலோரத்துல இருக்கவங்க கவனிக்கணும், குளச்சல், மண்டைக்காடு, தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காத்துல பானெட் தெறந்தா அலாரத்துக்கு காட்டிக்குடுக்குற குண்டூசி மாதிரி சின்ன சுவிட்ச் (பின் சுவிட்ச்) துருப்பிடிச்சிடும். துருப்பிடிச்சா பானெட் தெறந்திருக்குன்னு அலாரம் தப்பா நெனச்சு பாதி ராத்திரியில கூப்பாடு போடும். கிரீஸோ வாசலினோ லேசா தடவி விட்டா நாள் ஓடும். கேட்டா மாட்டுறவங்களே தடவி குடுப்பாங்க.

பேட்டரி விஷயமும் உண்டு. ஆர்ம் பண்ணி நிக்கும்போது அலாரம் 20 மில்லி ஆம்பியர் எடுக்குதுன்னு வச்சா ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர் கிட்ட போவும், ஒரு மாசத்துக்கு 15 பக்கம். தெனமும் ஓடுற வண்டிக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா நம்ம ஊர்ல பாதி வீட்டு ஆம்பிளைங்க கல்ஃப்லயோ கப்பல்லயோ இருக்காங்க, வண்டி போர்ச்சுல மாசக்கணக்கா கவர் போட்டு நிக்கும், அந்த வண்டிக்கு பேட்டரி நெகட்டிவ கழட்டி வச்சுட்டு போங்க. சில சைரன்ல உள்ளயே தனி பேட்டரி இருக்கும், அத அதோட சாவியால ஆஃப் பண்ணாம கழட்டுனா கத்தி ஊரையே கூட்டிடும், முதல்ல அத பாத்துக்குங்க.

இன்ஷூரன்ஸ்ல தள்ளுபடி கிடைக்கும்னு கடையில சொல்லுவாங்க. பழைய மோட்டார் டாரிஃப்ல, வண்டி சாமான்கள சோதிக்கிற ஏஆர்ஏஐ அமைப்போட அங்கீகாரம் உள்ள கருவிக்கு மட்டும்தான், நம்ம வண்டி சேதத்துக்கு கட்டுற ஓடி (OD) பிரீமியத்துல 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபான்னு இருந்துச்சு. சர்டிஃபிகேட் இல்லாத மாலுக்கு அப்பவும் ஒண்ணும் கிடையாது. அந்த 500 ரூபாய்க்காக அலாரம் போடவேண்டாம்.

டைமருக்கு மிச்சமான காச நான் ஆயில்ல போட்டேன். மேனுவல்ல சொன்ன கிரேடு, நல்ல கம்பெனி சிந்தெடிக், சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்துறது. டர்போவ காப்பாத்துறதுல டைமர விட இதுதான் பெருசு. காலையில ஸ்டார்ட் பண்ண உடனே முறுக்குறதும் டர்போவ கொல்லும், ஏன்னா ஆயில் மேல ஏறி வர கொஞ்சம் நேரம் வேணும், அதுக்கு எந்த டைமரும் உதவாது. புது பெட்ரோல் டர்போ வண்டி வச்சிருக்கவங்க இத யோசிக்கவே வேண்டாம், பலதுலயும் டர்போவ சுத்தி கூலண்ட் ஓடுது, ஆஃப் பண்ண பொறவும் தனி மோட்டார் கொஞ்ச நேரம் தண்ணிய சுத்தவிடும். வாரண்டி இருக்க வண்டியில வயர வெட்டுனா அது வேற தலைவலி.

டைமர் யாருக்கு சரிப்படும்னா, வண்டிய டிரைவர் கையில குடுத்துட்டு, தெனமும் நாலுவழிச்சாலையில ஓடி, சொந்த யார்டுக்குள்ள சமதரையில நிறுத்துறவங்களுக்கு. டிரைவர் மறந்தாலும் அது மறக்காது. அத்தான் நிலைமை அதுதான், அவருக்கு அது சரியான பொருள்.

அலாரம் போட போறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஓவர்ரைடு பட்டன எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு கடைக்காரர நேர்ல காட்ட சொல்லி, ரிமோட் இல்லாம ஒரு தடவ நீங்களே ஆஃப் பண்ணி பாருங்க. எனக்க ரிமோட்டுக்கு 23ஏ 12 வோல்ட் பேட்டரி, பெரும்பாலும் இந்த மாதிரி ரிமோட்டுக்கு அதுதான், சின்ன கடையில கிடைக்காது, ஒண்ணு கூடுதலா வாங்கி பர்ஸ்ல போட்டுக்குங்க, வண்டிக்குள்ள வைக்காதீங்க.