வால்வில் கடைசியாகக் கை வைத்தது யார்? ஹேவ்லாக்கில் நான்கு நாள்

அந்தமானின் ஹேவ்லாக்கில் நான்கு நாள் தங்கி எட்டு ஸ்கூபா டைவ் அடித்துவிட்டுப் போன வாரம்தான் திருச்சி திரும்பினேன். சர்க்கார் கணக்கில் அது இப்போது ஸ்வராஜ் தீவு. 2018இல் பெயர் மாற்றினார்கள். கப்பல் டிக்கெட் கொடுப்பவர் முதல் தேங்காய் விற்பவர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் ஹேவ்லாக்தான். என்னைக் கடலுக்குக் கூட்டிப்போன டைவிங் கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடந்த தவறில் பாதி என்னுடையது. மீதிப் பாதி எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 49. இன்சூரன்ஸ் ஆபீஸில் நாற்காலி வேலை, அதன் பரிசாக இடுப்பில் டிஸ்க் கோளாறு. எட்டு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் டைவிங் படித்தேன். இதுவரை அறுபது டைவுக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கிறது. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருவது), மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டுவது) மூன்றும் சொந்தம்; சிலிண்டரை முதுகில் தாங்கி மிதக்க உதவும் பிசிடி ஜாக்கெட்டும் காலில் மாட்டும் ஃபின்னும் வாடகை. வீட்டுக்காரர் டைவ் அடிக்க மாட்டார். போர்ட் பிளேரிலிருந்து வரும் கப்பலில் வாந்தி எடுப்பதோடு அவருடைய கடல் முடிந்துவிடும்.

முதல் நாள் காலை ஆறரைக்குக் கடைக்குப் போனதும் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்கள். "நீங்க போய் டீ சாப்பிடுங்க மேடம், எல்லாம் ரெடி பண்ணி வெச்சிடுவோம்." இதைத்தான் இந்தக் கடை தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. நீங்கள் உட்கார்ந்தால் போதும், முதுகில் மாட்டிவிட்டுக் கடலில் தள்ளிவிடுவார்கள். என் இடுப்புக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் 17 கிலோ சொச்சம் வரும், நம் வீட்டுக் காலி கேஸ் சிலிண்டரைவிடக் கொஞ்சம் கூட. அங்கே படகு என்பது டுங்கி, மரத்தாலான பழைய மீன்பிடிப் படகு மாதிரி. அலையில் ஆடுகிற அந்த ஒடுங்கிய இடத்தில் ஆறு பேர் எழுந்து நின்று ஆளுக்கொரு சிலிண்டரை உருட்டினால் யாருடைய கால்விரலாவது நசுங்கும். பையன்கள் வெறுங்காலோடு இரண்டு கையிலும் இரண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பலகை மேல் நடப்பதைப் பார்த்தால் நாம் குறுக்கே போகாமல் இருப்பதே மேல் என்று தோன்றும்.

சரி, தூக்குவது வேறு, மாட்டுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதில்தான் எனக்குச் சண்டை.

என் அம்மா கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுப்பார். மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். அந்த அம்மாவின் மகள், தண்ணீருக்கு அடியில் தன்னை உயிரோடு வைத்திருக்கப்போகிற சிலிண்டரை யாரோ மாட்டிக்கொண்டிருக்க, ஏலக்காய் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பலன் கிடைத்தது. லைட்ஹவுஸ் பாயின்ட் என்ற டைவ் இடத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பின்னால் யாரோ இடுப்பில் தட்டுவது போல இருந்தது. சிலிண்டர் பட்டையிலிருந்து நழுவித் தொங்குகிறது. நைலான் பட்டை நனைந்தால் கொஞ்சம் நீளும். அதனால்தான் முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு அப்புறம் இறுக்க வேண்டும் என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுப்பார்கள். காய்ந்த பட்டையை அவசரமாக இறுக்கியிருக்கிறார்கள். எங்களைக் கூட்டிப்போகிற டைவ் மாஸ்டர் வந்து தண்ணீருக்குள்ளேயே சரிசெய்தார், ஆபத்து ஒன்றும் இல்லை. மேலே வந்து பார்த்தால் இன்னொரு கூத்து. ரெகுலேட்டரின் வாயை அடைக்கிற மூடியைத் துடைக்காமல், உள்ளே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரோடு அப்படியே போட்டுத் திருகியிருந்தார்கள். அந்தச் சொட்டு உள்ளே போனால் துரு பிடிக்கப்போவது கடைக்காரரின் ரெகுலேட்டர் இல்லை, என்னுடையது.

எனவே இரண்டாம் நாளிலிருந்து நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஒரு பையன் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி தெரிந்தது. இருபது வயது இருக்கும். தாத்தா ராமநாதபுரம் பக்கமாம், இவன் பிறந்தது போர்ட் பிளேர், பாதித் தமிழ் பாதி இந்தி. நான் தமிழ் என்று தெரிந்ததும் "மேடம்" போய் "அக்கா" ஆகியிருந்தேன்.

இங்கேதான் கதை திரும்புகிறது. மூன்றாம் நாள் டைவ் டிக்ஸன்ஸ் பினாக்கிள் என்ற இடத்தில். என் சிலிண்டரை நானே மாட்டினேன். காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பார்த்தேன், பட்டையை நனைத்தேன், வால்வை முழுக்கத் திறந்தேன், காற்றின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு இழுத்தேன், முள் அசையவில்லை. படகு விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாயப்போகும் நேரம், முதுகுக்குப் பின்னால் ஒரு கை வால்வைத் தொட்டது. தொட்டது எனக்குத் தெரிந்தது. எண்ணிக்கை ஆரம்பித்துவிட்டது, ஒன்று, இரண்டு, சாய்ந்துவிட்டேன். என் தவறு அதுதான்.

மேற்பரப்பில் மூச்சு நன்றாகத்தான் வந்தது. பத்து மீட்டரில்கூட எதுவும் தெரியவில்லை. 22 மீட்டரில் திடீரென்று, இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல ஆகிவிட்டது. இழுக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. கேஜைப் பார்த்தால் 150இல் இருக்கும் முள், மூச்சு இழுக்கும்போது 60க்கு விழுகிறது, விட்டதும் மெல்ல ஏறுகிறது. அந்த ஆடுகிற முள்ளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து அதே மூன்று மடங்கு காற்று வரவேண்டும். கால் திருகு மட்டும் திறந்த வால்வு வழியாக அது வராது. சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது, எனக்கு இல்லை.

டைவ் மாஸ்டர் கரேன் இனத்தவர். அவர்களுடைய முன்னோரை 1925இல் பர்மாவிலிருந்து மத்திய அந்தமானுக்குக் குடியேற்றினார்கள். நான் கை காட்டி முடிப்பதற்குள் தன்னிடமிருந்த உபரி மஞ்சள் மவுத்பீஸை என் வாயில் கொடுத்தார், அப்புறம் என் தோளுக்குப் பின்னால் கை விட்டு வால்வைத் திருகினார். எல்லாம் பத்து விநாடிக்குள். அந்த மனிதருக்கு மட்டும் ஐந்துக்கு ஆறு நட்சத்திரம் கொடுப்பேன். என் ரெகுலேட்டருக்கு மாறி, படபடப்பு அடங்கி, மீதி டைவையும் முடித்தோம். ஒரு மஞ்சள் ஸ்னாப்பர் மீன் கூட்டம் வந்தது, எனக்கு மனசு அதில் இல்லை.

மேலே வந்ததும் பையன் மறைக்காமல் சொன்னான். "திறந்திருக்கான்னு பார்த்தேன் அக்கா. டைட்டா இருந்துச்சு. மூடியிருக்குனு நெனச்சுத் திருப்பிட்டேன், அப்புறம் கொஞ்சம் பின்னாடி விட்டேன்." முழுக்கத் திறந்த வால்வும் அதற்கு மேல் திரும்பாது, முழுக்க மூடிய வால்வும் திரும்பாது. கைக்கு இரண்டும் ஒன்றுதான். திறந்திருந்ததை மூடியிருக்கிறது என்று நினைத்து, திறப்பதாக எண்ணிக் கடைசி வரை மூடிவிட்டான். கடைசியில் பழைய பழக்கத்துக்குக் கால் திருகு திருப்பிவிட்டான். வால்வு இறுகிக்கொள்ளாமல் இருக்க ஒரு காலத்தில் அப்படிச் செய்வார்கள். இன்றைய வால்வுகளுக்கு அது தேவையே இல்லை, முழுக்கத் திறந்து அப்படியே விடுங்கள் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முழுக்க மூடியிருந்தால்கூட மேலேயே தெரிந்திருக்கும். அந்தக் கால் திருகுதான் 22 மீட்டர் வரை என்னை ஏமாற்றியது.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைக்காரர் மேல் இருக்கிறது. சாயங்காலம் சொன்னபோது, "எங்க பசங்க எல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவங்க மேடம்" என்று ஆரம்பித்தார். எத்தனை ஆயிரம் சிலிண்டர் மாட்டிய கை என்பதை நானும் பார்த்தேன், அது இங்கே கேள்வி இல்லை. டைவருக்குத் தெரியாமல் யாரும் வால்வைத் தொடக்கூடாது என்று ஒரு விதி போடக் காசா செலவு? பதிவு செய்யும்போது "நீங்களே மாட்டிக்கிறீங்களா, நாங்க மாட்டவா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே.

மற்றபடி நல்ல கடைதான். நிரம்பிய சிலிண்டர் வாயில் டேப் ஒட்டி, காலியானதிலிருந்து பிரித்து வைக்கிறார்கள். இரண்டு டைவுக்கு இடையில் நாம் சமோசா சாப்பிடும்போது சிலிண்டர் மாற்றுவதால் இது முக்கியம். படகில் ஆக்சிஜன் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டினார்கள். இரண்டு டைவுக்கு ஏழாயிரம் ரூபாய் வாங்கினார்கள். டிப்ஸ் பெட்டியில் தாராளமாகப் போடுங்கள், பையன்களுடைய உழைப்பு அப்படி. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை.

சான்றிதழ் இல்லாமல் முதல் தடவை போகிறவர்களுக்கு அவர்கள்தான் மாட்டிவிட வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் படித்து முடித்து இருபது டைவ்கூட ஆகாதவர்கள் தயவுசெய்து டீ குடிக்கப் போகாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்பதே மறந்துபோயிருக்கும். என்னைப் போல இடுப்பு ஒத்துழைக்காதவர்கள் தூக்குவதை அவர்களிடம் விட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காம் நாள் அதே பையன் என் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினான், விளிம்பு வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தான். அப்புறம் இரண்டு கையையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பார்க்கிற மாதிரி எதிரே வந்து நின்றான். "தொடலை அக்கா" என்றான். நான் இருந்தாலும் கேஜைப் பிடித்துக்கொண்டு நான்கு மூச்சு இழுத்தேன். முள் 200இல் அப்படியே நின்றது.