கேமிங் கம்ப்யூட்டர் போட்டு மூன்று வருடம்: எல்லாம் நல்லது, எஸ்எம்பிஎஸ் தவிர

பாலக்கோட்டு நண்பன் போன வாரம் போன் செய்து, "உன்னுது மாதிரியே ஒன்னு போடலாம்னு இருக்கேன், என்னென்ன வாங்கணும்?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் நான் ரிப்பேர் முடித்துக் கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன்.

ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். இவற்றில் ஒரு குறையும் இல்லை. காவேரிப்பட்டணத்து வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில் மூன்று வருடமாக ஓடுகிறது.

என் கோபமெல்லாம் எஸ்எம்பிஎஸ் மேல்தான், அதாவது வீட்டுக் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி மேல். பெங்களூரு எஸ்பி ரோட்டில் கார்டுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன், எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து வந்தது. "450 வாட் சார், தாராளமா போதும்" என்றார் கடைக்காரர். கார்டுக்கு 170, பிராசசருக்கு 65, இன்னும் இருநூறுக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது டிவி கூட அணையாது, என் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். மாங்காய் சீசனில் காற்றும் மழையும் வந்தால் ஒரே சாயங்காலத்தில் நாலைந்து முறை. இன்வெர்ட்டரை, சட்டென்று மாறும் யூபிஎஸ் மோடில் வைத்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் பார்க்கச் சொன்னேன், ராமைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் இன்வெர்ட்டரையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ராத்திரி 'டப்' என்று சத்தம், கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் போனதோடு மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

ரிப்பேர் பார்த்த தம்பி அதைக் கழற்றி லேபிளைக் காட்டினார். மேலே பெரிதாக 450 வாட், கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் 18 ஆம்ப். பெருக்கினால் 216 வாட்தான்! கார்டும் பிராசசரும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, இரண்டும் சேர்ந்தாலே 235. மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைனில், இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத இடத்தில் கிடக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் நின்றபின் ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும், யூபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் மாறுவது ஏறத்தாழ அந்த இடைவெளியில்தான். என் பெட்டிக்கு அந்தத் தெம்பே இல்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை, கேட்டிருந்தால் லேபிளைக் காட்டியிருப்பார். ஆனால் 3060-க்கு 550 வாட் வேண்டும் என்று அந்தக் கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியாவே சொல்லும்போது, அந்தக் கார்டு வாங்குகிறவன் கையில் இதைக் கொடுக்கலாமா? இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இப்போது 650 வாட் போட்டிருக்கிறேன், 12 வோல்ட்டில் மட்டும் 54 ஆம்ப். 80 பிளஸ் வெண்கல (ப்ரான்ஸ்) முத்திரையும் உண்டு, ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே, அதை நம்பி வாங்கவில்லை. மாற்றிய மறுநாளே கரண்ட் போனது. பழக்கத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன், கேம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்தில் இந்தக் கம்ப்யூட்டர் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டும் நண்பனிடம் இப்போதைக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். அவன் போட்டு வைத்திருந்த பட்ஜெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று இருந்தது.