பழைய குட்டை ரைபிள் வாங்குகிறீர்களா? பேரல் நுனியில் மாட்டியிருப்பதைக் கழற்றிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்

கைக்கு அடக்கமான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஒன்றைப் பழையதாக வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனியே குட்டையாகத் தயாரித்த கார்பைன் என்று சொல்லி, நீளமான ஒரு ரைபிளின் பேரலை அறுத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அறுத்த இடத்தை மறைத்தும் இருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த வேலையைச் செய்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

நான் தேடியது எல்லா வேலைக்கும் ஒத்துவரும் ஒரே ரைபிள். நாள் முழுக்கத் தோளில் மாட்டி நடந்தாலும் அலுக்கக்கூடாது, வண்டிக்குள்ளிருந்து இடிக்காமல் எடுக்க வேண்டும், பயிரை அழிக்கும் பன்றியை ஒரே குண்டில் வீழ்த்தும் வலுவும் வேண்டும். இதற்கு அமெரிக்கத் துப்பாக்கி நிபுணர் ஜெஃப் கூப்பர் 1980களிலேயே ஒரு கணக்கு வகுத்துவிட்டார். அவர் சொன்ன 'ஸ்கவுட் ரைபிள்' 1 மீட்டர் நீளத்துக்குள், 3 கிலோவை ஒட்டிய எடையில், .308 வின்செஸ்டர் தோட்டாவோடு இருக்க வேண்டும். அந்த வழியில் வந்த ரூகர் கன்சைட் ஸ்கவுட் 2011இல் 16.5 அங்குலப் பேரலோடு விற்பனைக்கு வந்தது. அதனால் பேரல் குட்டையாக இருப்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. அதே நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள்.

கடையில் காட்டிய ரைபிள் பார்க்க நன்றாகவே இருந்தது. .308, ஏறக்குறைய 16.5 அங்குலப் பேரல், நுனியில் ஒரு ஃபிளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் நெருப்பை மறைக்கும் குழாய்). "பேரல் ஒரிஜினல்தானா?" என்று நேராகவே கேட்டேன். "கம்பெனியிலேயே கார்பைன் மாடலா வந்தது சார்" என்றார் விற்றவர். ஹைடரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "அது கம்பெனியில பசை போட்டு இறுக்கினது. கழட்டினா மரை போயிடும்" என்று பதில் வந்தது. சரி, அப்படியானால் ரசீதில் கார்பைன் மாடல் என்றே எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே பலம் அந்த ரசீதுதான்.

முதல் நாள் ரேஞ்சிலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. 100 மீட்டரில், மணல் மூட்டையில் ஊன்றிச் சுட்டும் குண்டுகள் கையகலத்துக்கு மேல் சிதறின. கடையில் போய்ச் சொன்னால் தோட்டா சரியில்லை என்றார்கள். தோட்டாவை மாற்றியும் அப்படியேதான். அடுத்து ஸ்கோப் மேல் பழி போட்டு, புதிய ஸ்கோப்பையும் மவுண்ட்டையும் அவர்களிடமே வாங்க வைத்தார்கள். அதற்கும் சிதறல் குறையவில்லை என்றதும் கடைசியாக ஒன்று சொன்னார்கள்: "குட்டை பேரல்னா இப்படித்தான் சார் சிதறும்."

இது முழுப் பொய். பேரலைக் குறைத்தால் குண்டின் வேகம் குறையும், அது உண்மை. .308இல் ஓர் அங்குலத்துக்கு நொடிக்குச் சுமார் 20 முதல் 30 அடி வரை குறையும். சத்தமும் நெருப்பும் கூடும், ரைபிள் லேசாக இருந்தால் தோளில் உதையும் கூடும். ஸ்கோப் இல்லாமல் இரும்புக் குறிகளை வைத்துச் சுடுபவருக்கு முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் குறைவதால் குறிபார்ப்பது கொஞ்சம் சிரமமாகும். துல்லியம் மட்டும் தானாகக் குறையாது. ஒரே தடிமனில் இரண்டு பேரல் இருந்தால் குட்டையானதுதான் விறைப்பாக நிற்கும், அதிர்வும் குறைவு. கூப்பரே 200 கெஜத்தில் 4 அங்குலத்துக்குள் விழ வேண்டும் என்றுதான் கேட்டார். 100 மீட்டரில் அது சுமார் 6 சென்டிமீட்டர் வட்டம். கையகலச் சிதறலுக்குப் பேரல் குட்டையாக இருப்பது காரணமே ஆகாது.

அப்புறம்தான் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோனேன். உள்ளே தோட்டா எதுவும் இல்லையே என்று பார்த்துவிட்டு போல்ட்டை உருவி வைத்தார், ஹைடரை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசையும் இல்லை, மரையும் இல்லை. பக்கவாட்டில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள், அவற்றின் தலை தெரியாமல் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி அவற்றைத் தளர்த்தியதும் ஹைடர் கையோடு வந்துவிட்டது. உள்ளே ரம்பம் போட்ட கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. ஒரு பக்கம் அரம் போட்டுத் தேய்த்து, மறுபக்கத்தை அப்படியே விட்டிருந்தார்கள். பேரல் நுனி நேராக இல்லாமல் சாய்வாக இருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, உள்ளிருந்து வெளியே ஓரத்தில் இழுத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் பஞ்சு இழைகள் கொத்தாகச் சிக்கிக்கொண்டன. அங்கே பிசிறு இருக்கிறது என்று அர்த்தம்.

குண்டு பேரலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து வரும் வாயு, குண்டின் அடியைச் சுற்றிலும் ஒரே சீராகத் தள்ள வேண்டும். நுனி சாய்ந்திருந்தாலோ பிசிறு இருந்தாலோ ஒரு பக்கம் முந்தித் திறக்கும், குண்டு தடுமாறித்தான் கிளம்பும். ஆயிரம் ஸ்கோப் மாற்றினாலும் இது சரியாகாது.

சிதறலை விட மோசமான இன்னொன்று இருந்தது. போல்ட்டில் இருந்த எண்ணும், அது ஓடும் உடல் பகுதியான ரிசீவரில் இருந்த எண்ணும் வேறு வேறு. எண் மாறினாலே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டை மூடினால் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடத்தை, அளந்தே ஆக வேண்டும். அதற்குத் தோட்டாவுக்குப் பதில் உள்ளே வைக்கும் அளவுக்கட்டைகள் உண்டு: 'கோ' கேஜில் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' கேஜில் மூடக்கூடாது. என்னுடையது நோ-கோவில் சுலபமாக மூடியது. தோட்டாவின் பின்னால் தேவைக்கு மேல் இடைவெளி இருக்கிறது. வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை உறை இழுபட்டுக் கிழிந்தால் வாயு சுடுபவர் முகத்தை நோக்கித்தான் வரும். இந்த நிலையில் இருந்த ரைபிளைத்தான், வேறு தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். பணம் போனதைக்கூட விடுங்கள், இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அறுத்து விற்கும் வித்தைக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக வந்த நம்பர் 5 லீ-என்ஃபீல்டு, 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் வாங்கியது. அதற்குக் கிராக்கி கூடியதும் அதே லீ-என்ஃபீல்டு வரிசையின் நீளமான, சாதாரண நம்பர் 4 ரைபிளை அறுத்து, புனல் வடிவ ஹைடரை மாட்டி அதே பெயரில் விற்றார்கள். அசலில் எடையைக் குறைக்க ரிசீவரிலும் பேரலின் அடித்தண்டிலும் உலோகத்தைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். போலியில் அந்தச் செதுக்கல் இருக்காது, அதனால் மரக்கட்டையைக் கழற்றினால் குட்டு உடைந்துவிடும்.

ஆகவே பழையது வாங்கும்போது நுனியில் என்ன மாட்டியிருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். சீரியல் எண்ணைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பி, எந்த நீளப் பேரலோடு வெளியே போனது என்று கேளுங்கள். எனக்கு வந்த பதிலில் 22 அங்குலம் என்று இருந்தது. கேஜ் வைத்துப் பார்க்கும் வேலையை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கன்ஸ்மித்திடம் கொடுங்கள். பேரல் நீளத்துக்குச் சட்ட வரம்பு இருக்கும் நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் ரைபிளுக்கு அது 16 அங்குலம். யாரோ அறுத்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரலாம். எடையைக் கேட்கும்போது ஸ்கோப், மவுண்ட், வார், நிறைந்த மேகசின் எல்லாம் சேர்த்து நிறுக்கச் சொல்லுங்கள். வெறும் ரைபிளின் எடையைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

கடைக்காரர் விற்ற பழைய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ரசீது, கம்பெனியின் கடிதம், கன்ஸ்மித்தின் எழுத்துப்பூர்வமான அறிக்கை மூன்றையும் வைத்து உரிமம் வழங்கும் அலுவலகத்திலும் நுகர்வோர் மன்றத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். ரைபிளை எதுவும் பழுதுபார்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், சாட்சியே அதுதான். பக்கவாட்டு ஸ்க்ரூவில் கறுப்புப் பெயின்ட் பூசிய ஹைடரோடு .308 கார்பைன் ஒன்று உங்களிடம் இருந்தால், கேஜ் வைத்துப் பார்க்கும்வரை தயவுசெய்து இன்னொரு தோட்டா சுடாதீர்கள்.