டேங்கில் புலியும் நெருப்பும்: ஏர்பிரஷ்ஷா, வினைலா?

பைக்கின் பெட்ரோல் டேங்கில் புலி முகம், அதன் பிடரியிலிருந்து கிளம்பி பக்கவாட்டு மூடி வரை ஓடும் நெருப்பு. இந்த ஆசை வந்துவிட்டால் அடுத்த கேள்வி, ஆளை வைத்து ஏர்பிரஷ்ஷில், அதாவது காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவியில் வரைவதா, வினைல் என்கிற ஸ்டிக்கர் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒட்டுவதா என்பதுதான். என் பதில் நெருப்புக்கு ஒன்று, புலிக்கு வேறொன்று.

நெருப்பு என்றால் ஏர்பிரஷ்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருப்பு பேஸின் மேல் வெளிர் நிறத்தில் கோடுகளைச் சும்மா அலையவிட்டு வரைவார்கள், அதன் மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற கேண்டி மஞ்சள், மறுபடி கோடு, அப்புறம் ஆரஞ்சு, மறுபடி கோடு, கடைசியில் சிவப்பு. ஒவ்வொரு பூச்சிலும் முதலில் போட்ட சுடர் ஒரு படி உள்ளே அமிழ்ந்துபோகும். வெயில் அத்தனை படலத்தையும் கடந்து அடிவரை போய்த் திரும்புவதால், வண்டியைச் சுற்றி நடந்தால் தீ அசைவது போலவே இருக்கும். அச்சடித்த வினைலில் குனிந்து பாருங்கள், எல்லாப் புள்ளியும் ஒரே தளத்தில் இருக்கும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே படம்தான்.

புலி விஷயம் அப்படியில்லை. ஏர்பிரஷ் விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். ஒரு முடிக்கு மணிக்கட்டை வீசிக்கொண்டே விசையைத் தளர்த்த வேண்டும், அப்போதுதான் அடியில் தடித்து நுனியில் மறையும் கோடு வரும். 0.2 மி.மீ. ஊசியை வைத்துக்கொண்டு இதை ஆயிரக்கணக்கான தடவை செய்ய வேண்டும். கை பழகாதவர் போட்டால் முகம் முழுக்க ஒரே நீளத்தில், ஒரே திசையில் முடி கிடக்கும். உண்மையில் புலிக்கு மூக்குத்தண்டில் முடி குட்டையாகப் படிந்திருக்கும், கன்னத்தில்தான் நீண்டு தொங்கும். ஆகவே பெயிண்டரின் பழைய வேலையைக் கேட்டு வாங்கி, கண்ணைச் சுற்றியுள்ள முடியை மட்டும் பாருங்கள், அதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அங்கே சறுக்கியிருந்தால் நல்ல புகைப்படத்தை அச்சடித்து ஒட்டுவதே மேல்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டேங்க் இரண்டு திசையிலும் வளைந்த பொருள். தட்டையான வினைலைச் சூடுகாட்டி இழுத்து உட்காரவைக்கும்போது படமும் சேர்ந்து இழுபடும், புலியின் வாய் ஒரு பக்கம் அகன்று போகும். முகத்தை டேங்கின் தட்டையான பகுதியிலும், இழுபட்டாலும் தெரியாத வரிகளை வளைவிலும் வரும்படி வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உருளைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கிய மலிவான காலண்டர்டு வினைல் வேண்டவே வேண்டாம், வளைவில் நாளடைவில் சுருங்கி விளிம்பு கிளம்பும். திரவமாக ஊற்றிக் காயவைத்த காஸ்ட் வினைல்தான் சரி. பிளாஸ்டிக் டேங்க் என்றால் ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள், பெட்ரோல் ஆவி உள்ளிருந்து கசிந்து கொப்புளம் கொப்புளமாக எழுப்பிவிடும்.

உழைப்பில் வினைலுக்கு ஒரு நாள் போதும். ஏர்பிரஷ் என்றால் டேங்கைக் கழற்றி, டிங்கரிங், பட்டி, பிரைமர், படம், கிளியர் (படத்தைக் காக்க மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு), தேய்ப்பு, மறுபடி கிளியர் என்று வாரக்கணக்கில் வண்டி நிற்கும். கிளியர் கட்டாயம் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து இறுகும் வகையாக இருக்கட்டும். சாதா ஸ்பிரே கேன் கிளியர் மேல் பெட்ரோல் சிந்தினால் பிசுபிசுவென்று இளகி, கீழே இருக்கும் படமும் போய்விடும். ஆனால் 2கேயில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, தூசிக்குப் போடும் முகமூடி அதைத் தடுக்காது. தயவுசெய்து வீட்டில் அடித்துப் பார்க்காதீர்கள்.

கீறல் விழுந்தால் வினைலில் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம். கேண்டி சிவப்பை ஒட்டுப்போடுவது பெரிய பாடு, ஒரு பூச்சு கூடினாலும் நிறம் கருத்துவிடும், பெரும்பாலும் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டிவரும்.

புலியை ஸ்டிக்கராக ஒட்டி, நெருப்பை வரைந்து, இரண்டையும் ஒரே கிளியருக்குள் புதைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. கிளியர் காய்ந்து இறுகும்போது ஸ்டிக்கரின் விளிம்பு மெல்லிய மேடாக எழும்பி நிற்கும், சாய்வான வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது புலி அல்ல, அந்தக் கோடுதான்.